தூக்கி அடைக்கும் கதவு

எங்கள் வீட்டு பிக்கப்பின் ஓட்டுநர் பக்கக் கதவை அடைப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. கைப்பிடியைப் பற்றி, கதவை ஒரு சென்டிமீட்டர் மேலே தூக்கி, அந்த உயரத்தை விட்டுவிடாமல் உள்ளே தள்ள வேண்டும். தூக்காமல் அடித்தால் பூட்டின் வாய் தூணில் இருக்கும் கொக்கியின் கீழ்ப்பகுதியில் மோதி, கதவு வந்த வழியே திரும்பிவிடும். என் மனைவி இந்த வித்தையை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டார். இரண்டு ஆண்டுகளாக, ஒரு கையில் காய்கறிப் பையும் மறு கையில் கதவுமாக, யோசிக்காமலேயே தூக்கி அடைத்துக்கொண்டிருந்தார். விருந்தினர் யாராவது அடைத்தால்தான் சத்தம் கேட்கும். நான் சமையலறையிலிருந்தே "தூக்கி அடைங்க" என்று குரல் கொடுப்பேன். ஒரு குறையோடு இவ்வளவு காலம் சமாதானமாக வாழ முடிந்ததற்கு அந்தப் பழக்கமே காரணம்.

இதில் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள புறநகர்களில் வாழும் தமிழர்களில் கணிசமானோர் ஏதோ ஒரு வகையில் வாகனத் தொழிலைச் சார்ந்தவர்கள். நானும் அப்படித்தான். அதிலும் என் வேலையில் பெரும்பகுதி கதவுத் தொய்வைக் கணக்கிடுவது. இன்னும் பிறக்காத ஒரு வண்டியின் கதவைக் கணினியில் பாதி திறந்து வைத்து, அதன் பூட்டு முனையில் சுமையை ஏற்றி, சுமையை எடுத்த பின் எத்தனை மில்லிமீட்டர் மீளாமல் நிற்கிறது என்று பார்ப்போம். அந்த எண் வரம்பைத் தாண்டினால் கீலைத் தடிமனாக்கச் சொல்லி அறிக்கை எழுதுவோம். அரை மில்லிமீட்டருக்காக இரண்டு மணி நேரம் கூட்டத்தில் வாதாடியிருக்கிறேன். வீட்டு வாசலில் நின்ற கதவு அதைப்போல் இருபது மடங்கு தொய்ந்திருந்தது.

வண்டி 1990களின் நடுவில் செய்யப்பட்டது. ஒற்றை வரிசை இருக்கை, பின்னால் நீளமான தொட்டி. மரப்பலகை, தோட்டத்து மண், நண்பர்கள் வீடு மாறும்போது அவர்களுடைய மெத்தை என்று எதையாவது ஏற்றுவதற்காகப் பழையதாக வாங்கினேன். அந்தக் காலத்துப் பல அமெரிக்க பிக்கப்களில் கதவுக் கீல் எளிமையானது. வண்டியின் தூணில் ஒரு பட்டை, கதவில் ஒரு பட்டை. இரண்டின் துளையுள்ள காதுகளையும் கோத்து நிற்கும் விரல் நீள எஃகு ஆணி ஒன்று; அதைப் பின் என்பார்கள். ஒரு பட்டையின் காதுகளில் பின் சுழல்வதற்கு வெண்கல புஷ், அதாவது குழல்போன்ற உள்ளுறை, இருக்கும். மற்றப் பட்டையில் பின் சுழலக் கூடாது. அங்கே இறுகிப் பிடிப்பதற்காகப் பின்னின் தலைக்குக் கீழே நர்லிங் போட்டிருப்பார்கள். ஐடிஐயில் படித்தவர்களுக்கு அந்த முள்வரிகள் தெரியும். தேய வேண்டியது புஷ். அதை மாற்றினால் கதவு மறுபடியும் நிமிரும். பின்னும் புஷ்ஷும் சேர்ந்த பெட்டி இருபது டாலருக்கும் குறைவு. ஆகவே இது ஒரு சனிக்கிழமைக் காலை வேலை என்று முடிவு செய்தேன்.

உப்பு

கழற்றப் போனபோது கீலின் பின் அசையாமல் சிக்கியிருந்தது. அது ஏன் என்பதற்கு என்னிடம் ஆயத்தமாக ஒரு விடை இருந்தது: உப்பு. மிச்சிகனில் பனிக்காலம் முழுவதும் சாலைகளில் கல்லுப்பைக் கொட்டுவார்கள். அதற்குத் தொலைதூரம் போகவும் வேண்டியதில்லை. டெட்ராய்ட் நகரத்தின் அடியிலேயே ஆயிரம் அடிக்கும் கீழே ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டப்பட்டது. வாகனங்களைச் செய்த நகரமே அவற்றை அரிக்கும் சரக்கையும் காலடியில் வைத்திருப்பதை இங்குள்ளவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உப்புக் கரைசல் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை உறையாமல் தாக்குப்பிடிக்கும். ஆகவே வெறும் தண்ணீர் கல்லாகிச் சும்மா கிடக்கும் நாட்களிலும் இது கீலின் இடுக்குகளில் ஈரமாகவே ஊறி, எஃகுக்கும் வெண்கலத்துக்கும் இடையே மின்கலம்போல வேலை செய்துகொண்டிருக்கும். தோற்பது எஃகுதான். இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது; துளைக்குள் அந்த இடம் இல்லாததால் அது பின்னை நெரிக்கிறது.

இந்த விளக்கம் முழுக்க உண்மை. ஆனாலும் அன்று என்னைக் கெடுத்தது இதுதான். நோய் இன்னதென்று முன்கூட்டியே தெரிந்துவிட்டதாக நினைப்பவன் நாடி பார்ப்பதில்லை. துருவுக்கு என்னென்ன மருந்து உண்டோ எல்லாவற்றையும் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனேன்.

சனிக்கிழமை

கீழ்க் கீலில் தொடங்கினேன், மண்டியிட்டால் கைக்கு வாகாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இரண்டு பட்டைகளுக்கும் நடுவே கதவைத் திறந்த நிலையில் நிறுத்தி வைக்கும் தடித்த சுருள்வில் ஒன்று இருந்தது. அதை மட்டும் ஒழுங்காக, அதற்கென்றே உள்ள இறுக்கியால் அமுக்கி எடுத்தேன். அந்த வில் கை தவறித் தெறித்தால் பல்லோ கண்ணோ போகும் என்ற பயம் இருந்ததால் அந்த ஒரு காரியம் சரியாக நடந்தது. பயமில்லாத இடங்களில்தான் தவறுகள் நடந்தன.

கதவு விழுந்துவிடக் கூடாது என்று டிராலி ஜாக்கை அடியில் தள்ளி, மேலே பலகையும் பழைய துண்டும் வைத்து, பலகை கதவைத் தொடும் வரை ஏற்றினேன். தொட்டதும் நிறுத்திக்கொண்டேன். கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்வதை நான் நிறைவேற்றிவிட்டதாகவே நம்பினேன்.

பிறகு பின்னின் முனையில் பஞ்ச் எனும் தட்டுக்கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். பின் அசையவில்லை. பெரிய சுத்தியலை எடுத்தேன், அசையவில்லை. கார் நிறுத்தும் கொட்டகையில் இருந்த டபிள்யூடி-40ஐ அடித்து அரை மணி நேரம் காத்திருந்தேன். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது 1953இல் ஏவுகணையின் மேற்பரப்பு துருப்பிடிக்காமல் காக்க, ஈரத்தை விலக்குவதற்காகச் செய்யப்பட்ட கலவை. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால்தான் பெயரில் 40. அதை வீட்டில் எல்லாவற்றுக்கும் மருந்தாக ஆக்கிக்கொண்டது நம்முடைய வழக்கம், நம் பாட்டிமார் விளக்கெண்ணெயை ஆக்கிக்கொண்டதுபோல. பக்கத்து வீட்டுக்காரர் உலோக அச்சுகளும் கருவிகளும் செய்து ஓய்வுபெற்ற தொழிலாளி. அவர் வேலி அருகில் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய், அசிட்டோனும் கியர் எண்ணெயும் சரிபாதியாகக் கலந்த ஒரு புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஊற்றுவதற்கு முன் குலுக்க வேண்டும் என்றும், ஊற்றிய பின் நாளை வரை சுத்தியலைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். முதல் அறிவுரையை மட்டும் பின்பற்றினேன்.

பத்து நிமிடம் கழித்து மீண்டும் அடித்தபோது பின்னின் முனை தட்டுக்கம்பிக்கு அடியில் பளபளப்பதைக் கண்டு, நகர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். கிட்டப் போய் விளக்கடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: பின் நகரவில்லை, அதன் முனை நசுங்கி அகன்றிருந்தது. துளையின் விளிம்பைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உதடுபோலப் பிதுங்கியிருந்தது. முதல் அடியில் இருந்ததைவிட இப்போது அது உறுதியாக இருந்தது. நான் காலையிலிருந்து பின்னைக் கழற்றிக்கொண்டிருக்கவில்லை, முனையை நசுக்கி இறுக்கும் ரிவெட் ஆணியாக அதை அடித்துக்கொண்டிருந்தேன்.

கீழ்க் கீலை விட்டுவிட்டு மேல் கீலுக்குப் போனேன். இந்த முறை சுத்தியலுக்கு முன்பே சூடு. புரோப்பேன் விளக்கைக் கொளுத்துவதற்கு முன் எண்ணெயைத் துடைத்துவிட்டு, தூணிலிருந்து கதவுக்குள் போகும் கம்பிக்கட்டின் ரப்பர் உறைக்கு ஈரத்துணி சுற்றினேன். அசிட்டோன் ஊற்றிய இடத்தில் தீயைக் காட்டுகிறவன் துடைத்துவிட்டு அரை மணியாவது காத்திருக்க வேண்டும் என்பது மட்டும் நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. சூடு காட்ட வேண்டியது காதுக்கு, பின்னுக்கு அல்ல. காது விரிந்தால் துளை பெரிதாகும். எவ்வளவு பெரிதாகும் என்றும் மனம் தானாகவே கணக்குப் போட்டது: ஒன்பது மில்லிமீட்டர் துளை இருநூறு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய இருபது மைக்ரான் விரியும். ஒரு தலைமயிரின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் துருப்பிடித்த பல பொருத்தங்களுக்கு அதுவே போதும். எனக்குப் போதவில்லை. பெயிண்ட் கருகிய வாசனையோடு அன்றைய வேலை முடிந்தது.

இரவு படுத்திருந்தபோது அமெரிக்கக் கூட்டரசின் 206ஆம் எண் வாகனப் பாதுகாப்புத் தரவிதியை நினைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் அடிக்கடி புரட்டும் விதி அது. கதவின் கீல்கள் நீளவாக்கில் 11,000 நியூட்டன் விசையைப் பிரியாமல் தாங்க வேண்டும் என்கிறது. ஏறத்தாழ ஒரு டன்னுக்கும் சற்று மேலான எடை. விபத்தில் வண்டி உருளும்போது கதவு பிய்ந்து ஆள் வெளியே விழக் கூடாது என்பதற்காக வந்த விதி. அப்படியானால் இந்தப் பின் எந்த நிலையிலும் வெளியே வரக்கூடாது என்று எண்ணி எண்ணிச் செய்யப்பட்ட பொருள். அதை எண்ணிச் செய்த கூட்டத்தில் ஒருவன் இப்போது அதைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருக்கிறேன். இதில் ஓர் ஆறுதல் கிடைத்தது. ஆனால் அது தோற்றவன் தேடும் ஆறுதல் என்பதும் தெரிந்தே இருந்தது.

மழை

மறுநாள் பிற்பகல் மேல் கீலின் முன் மறுபடியும் நின்றேன். பின்னின் தலை மேலே இருந்ததால் கீழிருந்து மேல்நோக்கி அடிக்க வேண்டிய அமைப்பு. கழுத்தை ஒடித்துக்கொண்டு, தட்டுக்கம்பியை இடக்கையில் பிடித்து, ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் "டங்" என்று ஒரு மணியோசை எழும்பி, முழங்கை வரை அதிர்ந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள்ளிருந்து மனைவி வெளியே வந்தார்.

"மழை வருது, சீட்டெல்லாம் நனைஞ்சிடும். அடைச்சிடலாம்ங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார்.

"ஜாக் நிக்குது, இரும்மா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கை பழக்கத்தில் கைப்பிடியைப் பற்றிக் கதவைத் தூக்கியிருந்தது. எப்போதும்போல அதே ஒரு சென்டிமீட்டர். என் சுத்தியல் அந்த நேரத்தில் பாதி வழியில் இறங்கிக்கொண்டிருந்தது. அடி விழுந்தது; மணியோசை கேட்கவில்லை. ஈர மரத்தில் ஆப்பு இறங்குவதுபோல "தொக்" என்று ஓர் ஓசை. நிமிர்ந்து பார்த்தேன். பின்னின் தலைக்கும் கீலின் காதுக்கும் நடுவே, ஒன்றரை நாட்களாக இல்லாத ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. மூன்று மில்லிமீட்டர் இருக்கும்.

அவர் கதவை இறக்கினார். நான் இன்னொரு முறை அடித்தேன். மறுபடியும் "டங்", அசைவில்லை. மறுபடியும் தூக்கச் சொன்னேன். "தொக்." அடுத்த ஐந்தாறு அடிகளில், முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, பின் முழுவதுமாக வெளியே வந்து கல்பாவிய தரையில் விழுந்து உருண்டது. ரொம்ப லேசான வேலைபோலத் தோன்றியது. "இதைத்தான் நான் ரெண்டு வருஷமாத் தூக்கிக்கிட்டு இருக்கேன்" என்றார் மனைவி. அவர் குறைப்பட்டுக்கொண்டாரா, உதவி செய்ததைச் சொன்னாரா என்று கேட்கவில்லை. பின் இருந்த இடத்தில் ஓர் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டை அவசரமாகச் செருகி, கதவை இருவருமாகச் சேர்த்து அடைத்துவிட்டு உள்ளே ஓடினோம்.

அன்று மாலை சமையலறை மேசையில் ஒரு பழைய உறையின் பின்புறத்தில் கணக்கைப் போட்டேன். கதவின் எடை ஏறக்குறைய நாற்பது கிலோ. அதன் எடைமையம் கீலிலிருந்து ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி. இரண்டு கீல்களுக்கும் இடைவெளி நாற்பது சென்டிமீட்டர். நாற்பதை ஐம்பத்தைந்தால் பெருக்கி நாற்பதால் வகுத்தால் ஐம்பத்தைந்து. அதாவது மேல் கீலின் பின்னை ஐம்பத்தைந்து கிலோ விசை கதவின் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது, கீழ் கீலின் பின்னை அதே விசை எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. கல்லூரி முதலாண்டுக் கணக்கு. அலுவலகத்தில் இதே படத்தைப் புதிதாகச் சேரும் பையன்களுக்கு வாரம் ஒருமுறை வரைந்து காட்டுகிறேன். ஜாக்கை வைத்தது உண்மை. ஆனால் அது கதவைத் தொட்டுக்கொண்டு நின்றதே தவிர, எடையில் ஒரு கிலோவைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. விழாமல் தாங்குவதற்கு ஜாக் இருந்தது. தூக்குவதற்கு யாரும் இல்லை.

இருந்தாலும் கணக்கு எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஐம்பத்தைந்து கிலோ பக்கவாட்டு விசையால் எழும் உராய்வு எவ்வளவு மோசமாக இருந்தாலும் இருபத்தைந்து, முப்பது கிலோதான் வரும். ஓங்கி விழும் சுத்தியல் அதைவிடப் பல மடங்கு விசை தரும். வேறு ஏதோ பிடித்திருக்க வேண்டும். பின்னை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து விளக்கின் கீழ் உருட்டியபோது விடை கிடைத்தது. தலைக்கு அடியில் நர்லிங் புதிதுபோலக் கூர்மையாக இருந்தது. அதற்குக் கீழே, புஷ் இருந்திருக்க வேண்டிய இடத்தில், பின்னின் ஒரு பக்கம் மட்டும் குழிந்திருந்தது. கிணற்றுக் கல்லில் கயிறு உரசி உரசி ஏற்படுத்தும் பள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே வடிவம், அதே வழவழப்பு. வெர்னியர் அளவுகோலில் ஆழம் 0.8 மில்லிமீட்டர். வெண்கல புஷ் எப்போதோ முழுக்கத் தேய்ந்து, இரும்பின்மீது இரும்பாகவே கதவு ஆடியிருக்கிறது. கதவு தன் எடையில் தொங்கும்போது கீலின் காது அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். கீழிருந்து அடித்தால் பள்ளத்தின் படிபோன்ற விளிம்பு காதில் முட்டி நிற்கும். கதவைத் தூக்கினால் காது பள்ளத்தை விட்டு விலகும், பின்னுக்கு வழி விடும். துருவும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. எண்ணெயும் சூடும் நர்லிங்கை இளக்கியிருக்கவும் கூடும். ஆனால் கடைசியில் பின்னைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் படி.

தொய்வின் கணக்கும் இங்கே நேரானது. மேல் கீலில் பின்னும் புஷ்ஷுமாகத் தேய்ந்தது இரண்டு மில்லிமீட்டர். கீழே ஒன்றரைக்குச் சற்று அதிகம் என்று வைத்துக்கொண்டேன். பூட்டு முனை கீலிலிருந்து நூற்றுப்பத்து சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால் இந்தத் தேய்வு அங்கே போய்ச் சேரும்போது ஏறக்குறைய மூன்று மடங்காகிப் பத்து மில்லிமீட்டரைத் தொடும். மனைவியின் கை இரண்டு ஆண்டுகளாக அளந்து வைத்திருந்த அதே ஒரு சென்டிமீட்டர்.

என் அம்மாச்சி வீட்டின் வாசற்கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் அதே மரத்தில் கடைந்த குடுமிகள் நிலையிலும் படியிலும் உள்ள குழிகளில் சுழலும். பொங்கலுக்கு முன் கதவைக் கழற்றிக் கழுவுவார்கள். கழற்றுவது என்றால் இரண்டு பேர் கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பி, கீழ்க் குடுமி குழியை விட்டு எழும்பும் வரை தூக்குவார்கள். பிறகு சாய்த்து எடுத்துவிடுவார்கள். யாரும் எதையும் அடித்ததாக நினைவில்லை. அடிப்பதற்கு அங்கே பின்னும் இல்லை.

வெட்டு

அடுத்த சனிக்கிழமை கீழ்க் கீல். அங்கே இந்த ஞானம் உதவவில்லை, ஏனென்றால் அதை நான் ஏற்கெனவே ரிவெட்டாக்கி வைத்திருந்தேன். ஜாக்கை இந்த முறை பலகை முனகும் வரை ஏற்றி, கதவை அதன் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தேன். உயர்ந்ததும் கீலின் இரு காதுகளுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி பிறந்தது. பிதுங்கிய உதட்டை முதலில் அரத்தால் தேய்த்து எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அரத்தை ஓட்ட இடமில்லை. ஆகவே இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடியாக்கி, அந்த இடைவெளியில் விட்டுப் பின்னையே குறுக்கே அறுக்கத் தொடங்கினேன். சட்டம் இல்லாத பிளேடு இழுக்கும்போது மட்டுமே வெட்டும், தள்ளினால் வளையும். இருபது நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மின்வாளோடு வந்தார். போன வாரம் புட்டியைக் கொடுத்துச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். மீதி இரண்டு நிமிடம்.

பின் இரண்டு துண்டானதும் கதவை மூவருமாக எடுத்து, மெத்தை விரித்த இரண்டு முக்காலிகள்மேல் கிடத்தினோம். எடையே இல்லாத கீலில் மீந்திருந்த துண்டுகளைத் தட்டியபோது, உதடு பிதுங்கிய துண்டு ஒரே தட்டில் விழுந்தது. நர்லிங் துண்டு நான்கு அடி கேட்டது. புதிய புஷ்களைச் சுத்தியலால் இறக்கினால் வெண்கலம் விளிம்பில் சிதைந்து பின் நுழையாது. ஆகவே ஒரு நீள போல்ட்டையும் இரண்டு வாஷரையும் கோத்து, நட்டைத் திருகித் திருகி இழுத்து உட்காரவைத்தேன். கிரீஸ் தடவினேன். கதவைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள இந்த முறை ஆள் இருந்ததால், நர்லிங் வரும் வரை இரண்டு பின்களும் விரலாலேயே இறங்கின. கடைசி ஒரு சென்டிமீட்டருக்கு மட்டும் சிறிய சுத்தியல்.

கதவு இப்போது ஒற்றை விரலால் தள்ளினாலே அடைகிறது. விருந்தினர் அடைத்தாலும் சத்தம் வருவதில்லை. மனைவிதான் இன்னும் தூக்கி அடைக்கிறார். தூக்குவதற்கு அங்கே தொய்வு இல்லாததால் கதவு எழும்புவதில்லை, அவருடைய தோள் மட்டும் எழும்பி இறங்குகிறது. இரண்டு மாதம் ஆகிறது. பயணியின் பக்கக் கதவு போன வாரத்திலிருந்து அடைக்கும்போது லேசாக உரசத் தொடங்கியிருக்கிறது. அதற்கான பெட்டியை நேற்று வாங்கி வைத்தேன், அக்டோபருக்குள், உப்பு விழுவதற்கு முன்.